பில் கவுண்டரிலிருந்து ஜாவாவைப் பார்ப்போம்

(அஸ்தினாபுரத்தில் மாணவர்களுக்கும் மென்பொருள் பணியாளர்களுக்கும் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஜாவாவைப் பற்றி அஸ்தினாபுரத்தில் பேசுவானேன் என்று சிலர் கேட்டார்கள். வேறெங்கே பேசுவது? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், 1949-இல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. இருக்கிறது. அப்துல் கலாம் படித்த கல்லூரி. எழுத்தாளர் சுஜாதா படித்த கல்லூரி. அந்த சுஜாதா, பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் பங்கெடுத்தவர். அந்த இயந்திரத்தை ஒரு நிமிடம் மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். ஒரு சின்னம், அதன் பக்கத்தில் ஒரு பொத்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் விரலிலிருந்து தொடங்கி, உள்ளே இருக்கும் சில்லு வரை யோசித்திருக்கிறார்கள். சில்லிலிருந்து தொடங்கவில்லை. இன்றைக்கு நான் பேசப்போவதும் அந்த வரிசையைப் பற்றித்தான்.

என் தலைப்பு இது. பிரவுசருக்குள் ஓடவேண்டும், ஆனால் கம்ப்யூட்டரில் நிறுவிய பழைய மென்பொருளைப் போல வேகமாகவும் வசதியாகவும் இயங்கவேண்டும். அப்படிப்பட்ட ஒன்றை ஜாவாவில் கட்ட எந்த ஃப்ரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பது? வாடினா, இசட்கேயா, பிரைம்ஃபேசஸா, அல்லது பின்னால் ஸ்பிரிங் பூட்டும் முன்னால் ரியாக்ட்டுமா? பெயர்களைக் கேட்டு யாரும் மலைக்கவேண்டாம். பெயர்களுக்குக் கடைசியில் வருவோம். முதலில் ஆளைப் பார்ப்போம்.

நம் பக்கத்தில் ஏதாவது ஒரு மொத்த மருந்துக் கடைக்குப் போயிருக்கிறீர்களா? பில் போடும் அம்மாவைக் கவனித்திருக்கிறீர்களா? மருந்தின் பெயரில் மூன்று எழுத்து, எண்டர். பேட்ச் எண், எண்டர். எத்தனை அட்டை, எண்டர். கண் திரையில், கை விசைப்பலகையில், காது எதிரே நிற்கும் ஆளிடம். மவுஸ் ஓரமாகக் கிடக்கும், அதில் தூசி படிந்திருக்கும். இருபது வரி பில்லை அவர் அடித்து முடிக்கும் நேரத்தில் நீங்களும் நானும் கடவுச்சொல்லைக்கூட அடித்திருக்க மாட்டோம். ஃபாக்ஸ்புரோ காலத்திலிருந்து, விஷுவல் பேசிக் காலத்திலிருந்து வளர்ந்த கை அது.

அந்தக் கவுண்டரில் ஒருநாள் புது மென்பொருள் வருகிறது. பிரவுசரில் ஓடுகிறது, வண்ணமயமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வட்டம் சுற்றுகிறது. பழக்கத்தில் எஃப் 5 விசையைத் தட்டுகிறார். பக்கம் புதிதாக ஏற்றப்பட்டு, அடித்த பில் காணாமல் போகிறது. எஃப் 12 தட்டினால் நிரலாளர்களுக்கான ஜன்னல் திறந்து பயமுறுத்துகிறது. கன்ட்ரோலும் டபிள்யூவும் சேர்ந்தால் தாவலே மூடிக்கொள்கிறது. இதற்கெல்லாம் அந்த அம்மாவையா குறை சொல்வது? "டெஸ்க்டாப் மாதிரி" என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள், அந்தச் சொல்லின் பொருளை இந்தக் கவுண்டரில் வந்து பார்த்திருக்க வேண்டும்.

அப்படியானால் பழையதையே வைத்துக்கொள்ளலாமே, பிரவுசர் எதற்கு? நியாயமான கேள்வி. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. நாற்பது கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைக்காரர் நாற்பதிலும் புதுப் பதிப்பை நிறுவ வேண்டியிருந்தது. ஒன்றில் விட்டுப்போனால் அந்தக் கவுண்டரில் மட்டும் பழைய வரி. மறுபடி 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் மாறின. பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 என்ற இரண்டு படிகளும் எடுக்கப்பட்டன. பிரவுசரில் ஓடும் மென்பொருளை வைத்திருந்தவர் சர்வரில் ஓரிடத்தில் மாற்றினார். மறுநாள் காலை எல்லாக் கவுண்டரிலும் புது விகிதம். தாம்பரம் கிளைக்கும் வேளச்சேரி கிளைக்கும் தனித்தனியாக ஆள் அனுப்பவேண்டியதில்லை. பிரவுசர் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

சரி, வேகமும் வேண்டும், பிரவுசரும் வேண்டும். இந்த ஆசை புதிதா? இல்லை. முப்பது வருட ஆசை. அந்த முப்பது வருடக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய ஃப்ரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை அறிமுகப்படுத்தியபோதே ஆப்லெட் என்று ஒன்றைக் கொடுத்தது. பிரவுசருக்குள்ளேயே ஒரு முழு ஜாவா நிரல் ஓடும். அற்புதம் என்றார்கள். நம் நாட்டில் அரசு இ-டெண்டர் தளங்களில் டிஜிட்டல் கையொப்பம் போடுவதற்கு வெகுகாலம் ஆப்லெட்தான் இருந்தது. பிறகு என்ன ஆயிற்று? 2015-இல் குரோம் பிரவுசர் அந்த வகைச் செருகுநிரல்களுக்குக் கதவைச் சாத்தியது. 2018-இல் வந்த ஜாவா 11-இல் பிரவுசர் செருகுநிரலே இல்லை. டெண்டர் போடுவதற்காக மட்டும் ஒரு பழைய பிரவுசரைப் பத்திரமாக வைத்திருந்த ஒப்பந்ததாரர்கள் உண்டு.

ஃபிளாஷ் வந்தது. அதில் பெரிய பெரிய அலுவலக மென்பொருள்களைக் கட்டினார்கள். 2020 டிசம்பர் 31-ஓடு அதன் கதை முடிந்தது. மைக்ரோசாஃப்ட் சில்வர்லைட் கொண்டுவந்தது, 2021-இல் முடிந்தது. 2006-இல் கூகுள் ஜிடபிள்யூடி என்ற கருவித்தொகுப்பைக் கொடுத்தது. ஜாவாவில் எழுதினால் அதுவே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும். கூகுளின் சொந்த விளம்பர மென்பொருளே அதில் கட்டப்பட்டது. இனி எல்லாம் இதுதான் என்றார்கள். இன்றைக்குப் புதிதாக அதில் தொடங்குபவர் எத்தனை பேர்? ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போனால் தப்பித்தோமா? அங்கும் ஆங்குலர்ஜேஎஸ் 2010-இல் வந்தது. 2016-இல் ஆங்குலர் 2 என்று முற்றிலும் வேறாக எழுதப்பட்டது. பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது.

நண்பர்களே, இந்த வரிசையில் எது செத்தது, எது பிழைத்தது என்று பாருங்கள். செத்ததெல்லாம் திரை. ஜாவா மொழி சாகவில்லை. அதில் எழுதிய வரிக் கணக்கு சாகவில்லை, சரக்கிருப்புக் கணக்கு சாகவில்லை, சம்பளக் கணக்கு சாகவில்லை. திரை மாறும், கணக்கு நிற்கும். நான் இன்றைக்குச் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான்.

இதற்கு நான் வெளிநாட்டு உதாரணம் தேடிப் போகவேண்டியதில்லை. தாம்பரத்தைத் தாண்டி, வண்டலூரைத் தாண்டி, கூடுவாஞ்சேரி பக்கம் போனால் ஜோஹோ நிறுவனத்தின் பெரிய வளாகம். உங்களில் சிலருக்குத் தினசரிப் பயணமே அங்கேதான். அந்த நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. ஜாவாவின் முதல் முறையான பதிப்பு வெளிவந்த அதே வருடம்! ஒரு வயதுக் குழந்தை மொழியை நம்பி, நெட்வொர்க் மேலாண்மைக்கான ஜாவா நூலகங்களை எழுதி உலகத்துக்கு விற்றார்கள். அந்தக் காலத்தில் திரை என்றால் ஜாவா ஜன்னல்கள், ஆப்லெட்டுகள்.

பிறகு 2005 வருகிறது. ஜிமெயிலும் கூகுள் மேப்ஸும் பக்கத்தை மீண்டும் மீண்டும் ஏற்றாமல் இயங்குவதைப் பார்த்து உலகம் வியக்கிறது. பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அந்த உத்திக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைக்கிறார். அதே 2005-இல் ஜோஹோ ரைட்டர் வெளிவருகிறது. பிரவுசருக்குள் ஒரு முழு எழுத்துச் செயலி! கடிதம் அடிக்கலாம், தடித்த எழுத்து போடலாம், அட்டவணை போடலாம், எதையும் நிறுவவேண்டாம். 2007-இல் இணைப்பு இல்லாதபோதும் எழுதும் வசதியைக் கொடுத்தார்கள். அதற்கு அடித்தளமாக இருந்தது கூகுள் கியர்ஸ் என்ற செருகுநிரல். சில ஆண்டுகளில் கூகுள் அதைக் கைவிட்டது. ரைட்டர் நின்றுபோனதா? இல்லை. இன்றும் இருக்கிறது. ஆப்லெட் போயிற்று, கியர்ஸ் போயிற்று, நிறுவனத்தின் பெயர்கூட 2009-இல் மாறிற்று. பின்னால் ஜாவா நின்றது. திரையையும் கணக்கையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் கட்டியவர்களுக்கு மட்டுமே இப்படி மூன்று தலைமுறைத் திரையைத் தாண்டி வரமுடியும்.

இப்போது இன்றைய கடைத்தெருவுக்கு வருவோம். ஏராளமான பெயர்கள். ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் எல்லாம் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும்: பாதி அடித்த பில் எங்கே இருக்கிறது? சர்வரின் நினைவகத்திலா, கவுண்டரில் இருக்கும் பிரவுசரிலா?

சர்வரில் என்பது ஒரு பக்கம். பின்லாந்தில் பிறந்த வாடின், தைவானில் பிறந்த இசட்கே, ஜேஎஸ்எஃப் என்ற பொதுத்தரத்தின் மீது கட்டப்பட்ட பிரைம்ஃபேசஸ், அப்பாச்சியின் விக்கெட் எல்லாம் இந்தப் பக்கம். ஜாவா தெரிந்தவருக்கு இது சொர்க்கம். பொத்தான் என்பது ஒரு ஜாவா பொருள், அட்டவணை என்பது ஒரு ஜாவா பொருள், அழுத்தினால் என்ன செய்யவேண்டும் என்பதும் ஜாவா. ஜாவாவின் பழைய டெஸ்க்டாப் ஜன்னல் கருவியான ஸ்விங்கில் எழுதியவர்கள் ஒரே வாரத்தில் பழகிவிடுவார்கள். ஆனால் விலை உண்டு. இது, வந்து உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மேசையைப் பிடித்துவைக்கும் மெஸ் மாதிரி. ஐம்பது பேர் சாப்பிடும் மெஸ்ஸில் நல்ல ஏற்பாடு. ஆளுக்கு ஆள் கவனிப்பு. ஆனால் சொல்லாமல் எழுந்து போனவரின் மேசையும் நேரம் முடியும்வரை காலியாகாது. ஒருவருடைய செஷனுக்கு ஒரு மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பேருக்கு ஐம்பது மெகாபைட், ஒரு பழைய மடிக்கணினியே தாங்கும். ஐந்து லட்சம் பேருக்கு ஐந்நூறு ஜிகாபைட். தேர்வு முடிவு வெளியிடும் தளத்தை இப்படிக் கட்டலாமா? கட்டக்கூடாது. மதியம் ஒரு மணிக்குப் புதுப் பதிப்பை ஏற்ற சர்வரை மறுதொடக்கம் செய்தால் அத்தனை கவுண்டரிலும் பாதி அடித்த பில்களின் கதி என்ன? அதையும் முன்கூட்டியே யோசிக்கவேண்டும்.

இன்னொரு பக்கம், பில் பிரவுசரில் இருக்கிறது. ரியாக்ட்டோ ஆங்குலரோ திரையைப் பார்த்துக்கொள்ளும். ஸ்பிரிங் பூட் பின்னால் தரவை மட்டும் கொடுக்கும், வாங்கும். லட்சம் பேரையும் தாங்கும். இணைப்பு போனாலும் திரை உடனே செத்துவிடாது. ஆனால் இரண்டு மொழி, இரண்டு கட்டுமானம், இரண்டு விதமான ஆட்கள். நான்கு பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம், இரண்டு பேர் ஜாவா பக்கம். ஒருவர் விடுப்பில் போனால் ஒரு பக்கம் பாதியாகிவிடும். இதைப் பெரிய நிறுவனத்தில் இருப்பவர்கள் உணர்வதில்லை. நம் பக்கத்தில் மாடிப்படி ஏறிப்போனால் ஒரு அறையில் நான்கு நாற்காலி போட்டு நடத்தும் மென்பொருள் கம்பெனிகளுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து அது ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போய்வர எவ்வளவு முயன்றாலும் 140 மில்லி வினாடிக்குக் குறையாது. நடைமுறையில் இருநூறைத் தாண்டும். ஒவ்வொரு சொடுக்கையும் சர்வரிடம் கேட்கும் ஃப்ரேம்வொர்க்கை அங்கே வைத்துவிட்டு, குரோம்பேட்டையில் எண்டர் தட்டினால் இழுக்கத்தானே செய்யும்? அதே மென்பொருளை மும்பையிலோ, கடையின் பின்னறையிலோ வைத்துப் பாருங்கள். குறை ஃப்ரேம்வொர்க்கிலா, சர்வரை வைத்த இடத்திலா என்பது அப்போது தெரியும். வாடின் மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் வந்தவர்களில் பலருடைய சிக்கல் இந்தத் தூரம்தான்.

மழையையும் கணக்கில் எடுங்கள். நாம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தவர்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது மரங்களோடு கம்பிகளும் விழுந்தன. மின்சாரத்தை ஜெனரேட்டர் கொடுக்கும். இணைப்பை யார் கொடுப்பார்? மருந்துக் கடை அன்றைக்குத்தான் திறந்திருக்கவேண்டும். ஆகவே சர்வர் வெளியூரில், பில் சர்வரின் நினைவகத்தில் என்ற ஏற்பாடு மருந்துக் கடைக்கு ஆகாது. ஒன்று, சர்வரைக் கடைக்குள் வையுங்கள். இல்லையென்றால், பில்லைப் பிரவுசரில் வையுங்கள்.

அடுத்து, பலரும் தொடாத ஒன்று. தமிழ்! விற்பனையாளர்கள் காட்டும் மாதிரித் திரையில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், எல்லாம் அழகாக ஓடும். அதில் நம் ஊர்ப் பெயரை அடித்துப் பாருங்கள். அஸ்தினாபுரம். நம் கணக்கில் ஏழு எழுத்து. ஜாவாவின் கணக்கில் பன்னிரண்டு. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் முப்பத்தாறு பைட். முகவரிக் கட்டத்துக்கு முப்பது பைட் போதும் என்று தரவுத்தளத்தில் யாரோ முடிவு செய்திருந்தால், நம் ஊரின் பெயரே அதில் நுழையாது. பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தச் சொல்லுங்கள். யூனிகோடு எண்களின் வரிசையிலேயே விட்டால் 'ற' வந்த பிறகு 'ல' வரும், 'ன' போய் 'ந' பக்கத்தில் உட்காரும். நம் வரிசை அதுவா? விசை விசையாகச் சர்வருக்கு அனுப்பி, விடையைக் கட்டத்துக்குள் திரும்ப எழுதும் திரைகளில், தமிழ்99 விசைப்பலகையில் வேகமாக அடித்துச் சோதியுங்கள். எழுத்து பாதி உருவாகிக்கொண்டிருக்கும்போது கட்டம் மாற்றி எழுதப்பட்டால் கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் சிதறும். இதையெல்லாம் கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் பணத்தில் வாங்குகிறோம், நம் மொழியில் பயன்படுத்துகிறோம்.

பராமரிப்பைப் பற்றி ஒரு பாடம் சொல்லாமல் நகரமுடியாது. ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க் 2000-த்தில் வந்தது. ஒரு காலத்தில் சென்னை நேர்முகத் தேர்வுகளில் அதைக் கேட்காத இடமில்லை. 2017 மார்ச்சில் அதில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, திருத்தமும் உடனே வெளியிடப்பட்டது. ஆனால் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் தன் தளம் ஒன்றில் அந்தத் திருத்தத்தைப் போடவில்லை. அந்த ஓட்டை வழியாகச் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருட்டுப் போயின. ஃப்ரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பது ஒருநாள் வேலை. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது பத்து வருட வேலை. ஜாவாவின் நிறுவனப் பதிப்பான ஜாவா இஇ 2018-இல் ஜகார்த்தா இஇ ஆனது. பிறகு நிரல் பொதிகளின் பெயர்களே மாறின. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 புதுப் பெயர்களைத்தான் ஏற்கும். வாடின் 2018-இல் தன் பத்தாம் பதிப்பில், திரைப் பகுதியை ஜிடபிள்யூடியிலிருந்து வெப் காம்பொனென்ட்ஸுக்கு மாற்றியது. எட்டாம் பதிப்பில் பெரிய மென்பொருள் வைத்திருந்தவர்களுக்கு அது மேம்படுத்தல் அல்ல. திரைகளை மறுபடி எழுதும் வேலை. வாடினிலும் இசட்கேயிலும் இலவசமாகக் கிடைப்பது எது, காசு கேட்பது எது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

ஆகவே என்னைக் கேட்டால், பெயரைச் சொல்லியே சொல்கிறேன். நூறு பேருக்குள் பயன்படுத்தும் அலுவலக மென்பொருள், ஜாவா மட்டும் தெரிந்த சிறு குழு, சர்வர் பக்கத்தில் இருக்கிறது என்றால், வாடினை எடுங்கள். தயங்காதீர்கள். ஏற்கெனவே ஜேஎஸ்எஃப்-இல் பழகிய குழு இருந்தால் பிரைம்ஃபேசஸ். ஜேஎஸ்எஃப் 2004-இல் பொதுத்தரமாக வந்ததால்தான் பெயர் மாறியும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. பொதுமக்கள் லட்சக்கணக்கில் வரும் தளமா, இணைப்பு அறுந்தாலும் ஓடவேண்டிய கவுண்டரா? ஸ்பிரிங் பூட்டும் ரியாக்ட்டும். இரண்டு பக்கத்துக்கும் ஆள் வைக்க முடிந்தால் மட்டும்.

ஆனால் எதை எடுத்தாலும் ஒன்றை விடாதீர்கள். வரிக் கணக்கு ஒரு சாதாரண ஜாவா வகுப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்பின் மேலே வாடினின் பெயரோ ஸ்பிரிங்கின் பெயரோ ஒரு வரியில்கூட இருக்கக்கூடாது. சோதித்துப் பார்ப்பது எளிது: பிரவுசர் இல்லாமல், சர்வர் இல்லாமல், ஒரு சின்ன ஜேயூனிட் சோதனையில் பில்லின் மொத்தத் தொகை சரியாக வருகிறதா? வந்தால், 2035-இல் திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு திரை மாட்டலாம். வராவிட்டால், திரையோடு சேர்த்துக் கணக்கும் போகும். உங்கள் வாடிக்கையாளர் இரண்டுக்கும் இரண்டாம் முறை காசு கொடுப்பார்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் என்று கடையில் வாங்கி நீட்டாதீர்கள். ஒரே ஒரு பில் திரை. அதை வாடினில் ஒருமுறை, ரியாக்ட்டில் ஒருமுறை கட்டுங்கள். பத்தாயிரம் பொருள்களை ஏற்றுங்கள், பாதிப் பெயர்கள் தமிழில் இருக்கட்டும். நடுவில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, கவுண்டரில் வேலை பார்க்கும் ஒருவரை உட்காரவைத்து அருகில் நின்று பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அதையெல்லாம் எழுதி அறிக்கையில் சேருங்கள். அந்த அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையோடு நேர்முகத் தேர்வில் பேச நிறைய இருக்கும்.

கேள்வி நேரத்துக்கு அரைமணி கொடுத்திருக்கிறார்கள். வாடின் எட்டிலோ, பழைய ஸ்ட்ரட்ஸிலோ ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் தயவுசெய்து முன்வரிசைக்கு வாருங்கள். முதலில் உங்கள் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.